ஃபெர்ஜானியின் இடது கால்

துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் பத்தொன்பது வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஃபெர்ஜானிக்கு, மற்றவர்களின் இடது கால்மேல் துளியும் நம்பிக்கை கிடையாது. கையைப் பழக்கிவிடலாம், கண்ணைப் பழக்கிவிடலாம், இடது காலுக்கு மட்டும் புத்தி வராது என்பார்.

அந்த வசந்தத்தில் அவருடைய வெள்ளைக் காரின் கிளட்ச் பெடல் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. மிதித்தால் சுலபமாகப் போகும். காலை எடுத்தால் பாதி வழியில் நின்று யோசிக்கும். திடீரென்று மேலே வரும். கார் ஒரு குதி குதித்து அணைந்துவிடும். மூன்று பேர் இப்படிக் குதித்தே தேர்வில் தோற்றார்கள். மூன்று பேரின் காலையும் ஃபெர்ஜானி தாராளமாகத் திட்டித் தீர்த்தார்.

நாலாவதாக வந்து மாட்டியவள் வசீலா. கல்யாண உடுப்பு தைப்பவள்.

"கால மெதுவா எடும்மா, மெதுவா!"

"எடுத்துட்டேன் சார். பெடல்தான் கூட வரல."

"நான் ஓட்டுனா வருது. நீ ஓட்டுனா வரலயா? பெடல் ஆள் பாக்குமா?"

"இருபது வருஷமா தையல் மெஷின் மிதிக்கிறேன். இத்தனை நாள் ஒழுங்கா இருந்த காலு, உங்க கார்ல ஏறுனதும் கெட்டுப்போச்சாக்கும்?"

"மெஷின் போய் மீன் கடைல மோதாது. கார் மோதும்!"

அது வெறும் பேச்சில்லை. குளிர்காலத்தில் ஒரு மாணவன் நிஜமாகவே காரை மீன் கடைக்குள் விட்டிருந்தான். மடிமேல் கணவாய் மீன் விழுந்த அந்தக் காலையைப் பற்றி ஃபெர்ஜானி யாரிடமும் வாய் திறப்பதில்லை.

கடைசியில், சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம் என்று மெக்கானிக் அஸூஸிடம் காரை விட்டார். அஸூஸ் கேபிளுக்கு கிரீஸ் வைத்தான். பிறகு கேபிளையே மாற்றினான். பெடலின் ஸ்பிரிங்கையும் மாற்றினான். ஒவ்வொரு தடவையும் ஃபெர்ஜானி தனியாக ஓட்டிப் பார்ப்பார், வெண்ணெய் மாதிரி இருக்கும். வசீலா ஏறி உட்கார்ந்ததும் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாம் முறை, அத்தாட்சிக்கு வசீலாவையே வொர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப்போனார்.

"இந்தம்மா காலப் பாருப்பா. எல்லாக் கோளாறும் அங்கதான்."

அஸூஸ் கையைத் துடைத்துக்கொண்டு, வாத்தியார் இருக்கையில் ஏறிக்கொண்டான். வசீலா தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கார் ஒரு தடவைகூடக் குதிக்கவில்லை.

"வெளியாள் இருக்கான்ல, ஒழுங்கா ஓட்டுறா," என்றார் ஃபெர்ஜானி.

"சரி, இப்ப நீங்க உக்காருங்கண்ணே. நான் பின்னாடி வரேன்."

சுற்று மறுபடி ஆரம்பித்தது. எதிரே ஒரு லாரி திரும்பியது. வசீலா வேகத்தைக் குறைத்து, கியர் மாற்றி, காலை எடுத்தாள். பெடல் பாதியில் நின்றது. கார் குதித்து அணைந்தது.

"பாத்தியா! பாத்தியா!" என்றார் ஃபெர்ஜானி, பரிசு விழுந்தவர் போல.

அஸூஸ் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தலையை நுழைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். டிரைவிங் ஸ்கூல் கார் ஆயிற்றே, வாத்தியார் பக்கமும் ஒரு கிளட்ச் உண்டு. இரண்டும் ஒரே கம்பியில் கோத்தவை. ஒன்றை அமுக்கினால் மற்றதும் எழுந்திருக்காது.

"அண்ணே, அந்தப் பழுப்பு ஷூ யாரோடது?"

ஃபெர்ஜானி குனிந்தார். அவருடைய இடது கால், அவரைக் கேட்காமலே, பெடல்மேல் விறைத்துப்போய் நின்றிருந்தது. லாரி போய் ரொம்ப நேரமாகியும் அது இறங்கவில்லை.

வசீலா சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டாள். "யார் கால் சார் கோளாறு?" என்று கேட்டாள்.

"ஒரு... முன்ஜாக்கிரதைக்கு வெச்சிருந்தேன்."

"பெடல வேணா அறுத்து எடுத்துரட்டுமாண்ணே?" என்றான் அஸூஸ்.

"சட்டம் ஒத்துக்காதுடா."

"அப்ப சீட்டப் பின்னாடி தள்ளிக்கங்க. கால் எட்டாது."

அதற்கடுத்த வாரம் தேர்வு. அதிகாரி பின் இருக்கையில் பேனாவுடன் உட்கார்ந்தார். ஃபெர்ஜானி, கடைசிப் பல்வரைக்கும் பின்னால் தள்ளிய இருக்கையில், சலூனில் சவரத்துக்குச் சாய்ந்தவர் போலக் கிடந்தார். ரவுண்டானாவில் ஒரு மொபெட்காரன் குறுக்கே பாய்ந்தான். ஃபெர்ஜானியின் கால் சீறி எழுந்து, எதையும் தொடாமல் காற்றை மிதித்தது. வசீலா தானே பிரேக் பிடித்து, அவனுக்கு வழி விட்டு, கியர் மாற்றிப் போனாள்.

இறங்கும்போது அதிகாரி ஃபெர்ஜானியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அந்த மொபெட் வந்தப்ப நானே பயந்துட்டேன். நீங்க பெடலத் தொடவே இல்ல. மாணவிமேல இவ்வளவு நம்பிக்கை வெச்ச வாத்தியார நான் பாத்ததில்ல சார்."

ஃபெர்ஜானி அடக்கமாகத் தலை குனிந்தார். வசீலாவின் பக்கம் மட்டும் அவர் திரும்பவில்லை.