ஒரே ஒரு பார்வையாளர்

சனிக்கிழமைகளில் வெதர்லி பல்கலைக்கழகத்தின் பெரிய வாயிலில் கூட்டம் சேரும். அடுத்த வருடம் விண்ணப்பிக்கப் போகிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும். ஒரு மாணவன் வந்து வளாகத்தைச் சுற்றிக் காட்டுவான். யாரும் பெயர் கேட்பதில்லை. அதனால்தான் நானும் போவேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் சலவைக் கடையில் துணி மடிக்கிறவள் நான். அந்த ஒரு மணி நேரம் மட்டும் நானும் வரப்போகிற மாணவி. உயரமான அப்பா யாராவது இருந்தால் அவர் பின்னால் நின்றுகொள்வேன். வாயைத் திறந்ததில்லை.

அன்று மழையும் பனியும் கலந்து கொட்டின. வாயிலில் என்னைத் தவிர யாரும் இல்லை. திரும்பிவிடலாம் என்று நினைப்பதற்குள் ஹாலிஸ் குடையோடு வந்துவிட்டான். கடைசி வருட மாணவன். பெரும்பாலும் அவன்தான் வருவான். கூட்டத்தில் என்னைக் கவனித்ததில்லை.

"நீங்க மட்டுமா? பரவாயில்ல, ஒருத்தர் வந்தாலும் சுத்திக் காட்டியே ஆகணும். என்ன படிக்கப் போறீங்க?"

"வானியல்" என்றேன்.

"அப்ப சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க!"

வழிகாட்டிகள் எங்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடப்பார்கள். ஒரு பாதிரியார் தன் புத்தகங்களைக் கொடுத்துப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிய கதையை ஹாலிஸ் சொன்னான். கணித ஆசிரியர் ஒருவர் கூரையைப் பிரித்துத் தொலைநோக்கி வைத்தது, அதிலிருந்து வானியலில் பெயர் வந்தது, எல்லாம் சொன்னான்.

"பொண்ணுங்களச் சேர்க்கத்தான் ரொம்ப லேட். அதுக்கப்புறம்தான் உருப்பட்டோம்."

எல்லாம் எனக்கு மட்டும்.

எதிரே வந்த அவன் நண்பன் கத்தினான். "டேய், கூட்டமே இல்ல, காத்தோடயா பேசுற?"

"போடா! வருங்கால விஞ்ஞானி நிக்கிறாங்க, மரியாதையா பேசு."

என் காது சூடானது.

நூலக வாசலில், தரையில் வெண்கல முத்திரை ஒன்று பதித்திருக்கும். பட்டம் வாங்கும்முன் அதை மிதித்தவர்கள் தேறவே மாட்டார்கள் என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். தேர்வுக்கு ஓடுகிறவன்கூடச் சுற்றித்தான் ஓடுவான். அன்று அது பனிக்கடியில் இருந்தது. ஹாலிஸ் சட்டக் கல்லூரியைப் பற்றிப் பேசியபடி பின்பக்கமாகவே அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

"முத்திரை! மிதிச்சிடாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

துள்ளி விலகி, கையை ஊன்றி விழுந்தான். பனியைத் தள்ளிப் பார்த்தான். குதிகாலுக்குப் பக்கத்திலேயே வெண்கல விளிம்பு.

"அப்பாடா! மே மாசம் பட்டம்ங்க. உயிரக் காப்பாத்திட்டீங்க." சிரித்தவன் நிறுத்தினான். "ஆனா நான் இன்னும் அதப் பத்திச் சொல்லவே இல்லையே?"

நான் தரையைப் பார்த்தேன்.

"முன்னாடியே வந்திருக்கியா?"

"நிறைய தடவ."

"எந்த ஸ்கூல்?"

"இப்ப போறதில்ல."

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் இரக்கப்பட்டான்.

"அடடா, சொல்லியிருக்கலாமே. எல்லாம் தெரிஞ்ச உனக்கு எதுக்கு இந்தக் கச்சேரி? வா, சூடா காபி வாங்கித் தரேன்."

"மருத்துவக் கல்லூரி பாக்கி இருக்கு."

"அதுவும் உனக்கு மனப்பாடமா இருக்குமே!"

அம்மா காத்திருப்பாள் என்று பொய் சொன்னேன். குடையை நீட்டினான், வாங்கவில்லை.

அவன் போனதும் மருத்துவக் கல்லூரிவரை நானே நடந்தேன். உள்ளேயிருந்து வந்த ஒரு பெண் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வரீங்களா?"

இல்லை என்றேன். கதவு மெதுவாக மூடிக்கொண்டது.

இனி எவ்வளவு பெரிய கூட்டம் வந்தாலும் ஹாலிஸ் என்னைக் கண்டுபிடித்துவிடுவான். நல்லவன், கையைக்கூட அசைப்பான். சனிக்கிழமைகளிலும் வேலைக்கு வருகிறேன் என்று கடையில் சொல்லிவிட்டேன்.