வாழையிலையில் பொதிந்த விரிப்பு

தென்கிழக்குக் காற்று தளர்ந்து, மழை இன்னும் கால்பதிக்காத இடைக்காலம் அது. அக்டோபர் மாதம் எங்கள் தீவூரான வைசினாவுக்கு வந்து சேரும்போது கடலும் குரல் தாழ்த்திக்கொள்ளும். பவளத்திட்டுக்கு அப்பால் உடையும் அலைகள் ஊருக்குள் ஒரு நெடுமூச்சாக மட்டுமே வந்தடையும். மொசோய் மரங்கள் மஞ்சள் மலர் சொரிய, அந்த மணம் சுவரில்லாத எங்கள் வீடுகளில் தடையின்றி நுழைந்து, பாயிலும் தலையணையிலும் படிந்து கிடக்கும். மலைமுகட்டில் மேகம் கூடும்; பெய்யலாமா என எண்ணிப் பார்க்கும்; சிறு தூறலோடு மனம் மாறிக் கலைந்துபோகும். படைப்பு முழுவதும் யாருடைய வரவுக்கோ ஒதுங்கி வழிவிட்டு நிற்பதைப் போன்ற இந்நாட்களில்தான் வெள்ளை ஞாயிறு வருகிறது.

அன்று ஆலயம் குழந்தைகளுடையது. உச்சி முதல் உள்ளங்கால் வரை வெண்மை பூண்டு, திருமேசையைச் சூழ நின்று, மனனம் செய்த வசனங்களை அவர்கள் ஒப்பிப்பார்கள். பெரியவர்களும் வெள்ளையுடுத்தி வாய்மூடிக் கேட்பார்கள். பகலுணவிலும் முதல் பந்தி குழந்தைகளுக்கே.

அந்தத் திருமேசையின் விரிப்பை வெளுத்துத் தரும் பணி இவ்வாண்டு மோயலாங்கிக்கு வாய்த்திருந்தது. தலைநகர் அப்பியாவில் ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள் அவள். எங்கள் ஊர்க்காரன் பெனியாமினாவை மணந்து இங்கு வந்தவள். நான்கு மூலைகளிலும் செந்நூலால் சிலுவை பூத்த அந்தப் பருத்தி விரிப்பை ஊரில் பிறந்த பெண்களே வெளுப்பது வழக்கம். வாழ வந்தவர்களிடம் அது கொடுக்கப்பட்டதில்லை. பெண்கள் சங்கக் கூட்டத்தில் பெனியாமினாவின் தமக்கை சுலுவெத்திதான் எழுந்து நின்றாள்.

"என் தம்பி பொண்டாட்டி கையில குடுங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா என்னைக் கேளுங்க."

சுலுவெத்தி வாய்திறந்துவிட்டால் அதற்குமேல் எவரும் பேசுவதில்லை. ஆகவே விரிப்புக்கு ஏதேனும் நேர்ந்தால் தலைகுனிவு சுலுவெத்திக்கு. மோயலாங்கிக்கோ ஆலயப்பணி எதுவும் இனி வராது. எத்தனை காலம் வாழ்ந்தாலும் அவள் வெளியூர்க்காரியாகவே இருந்துவிடுவாள்.

வியாழனன்று அவள் விரிப்பைத் துவைத்து, கஞ்சியிட்டு, தேய்த்து மடித்தாள். வெள்ளி காலை அதை ஆலயத்தில் சேர்க்குமாறு கணவனிடம் தந்தாள். அவன் போனபோது ஆலயம் பூட்டியிருந்தது. பொட்டலத்தைத் திரும்பக் கொண்டுவந்து, பெட்டியின் மேல் வைத்துவிட்டு மீன்பிடிக்கப் போனான். சனிக்கிழமை காலையில்தான் மோயலாங்கி அதைக் கண்டாள். வாடிய வாழையிலைகள் சுற்றியிருந்தன. பிரித்தாள். வெண்பரப்பின் ஓரத்தில் துருவின் நிறத்தில் கோடுகளும் சொட்டுகளும் ஓடியிருந்தன.

"பெனி!"

அவன் இடுப்பில் சுற்றிய லாவலாவா வேட்டியை இறுக்கிக் கட்டியபடி ஓடிவந்தான். "நேத்து தூறிச்சு. நனைஞ்சிடுமேன்னு சுத்தி எடுத்துட்டுப் போனேன்."

"பச்சை இலையிலயா?"

"அப்பதான் வெட்டினேன். நல்ல அகலம். ஒரு கிழிசல் கிடையாது."

"தீயில வாட்டினியா?"

"சோறுன்னா வாட்டுவேன். இது துணிதானே? இதை என்ன அடுப்புலயா வைக்கப்போறேன்!"

அடுப்பில் வைக்கும் உணவுக்கு இலையை வாட்டிப் பழகிய கைகள் அவனுடையவை. வாட்டாத இலையின் நடுநரம்பிலிருந்து பால் கசியும் என்பதையும், கசியும்போது தண்ணீராய்த் தெரிவது மறுநாள் பழுப்பேறும் என்பதையும் அவன் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. தன் வேலைத்துணி முழுவதும் அதே கறை என்பதுகூட அப்போது அவன் நினைவுக்கு வரவில்லை.

மோயலாங்கி விரிப்பை வெளிச்சத்தில் பிடித்துக் கறைகளை ஆராய்ந்துகொண்டிருக்கையில், அவன் பிழைக்கு ஈடுசெய்யும் வேகத்தில் தொட்டியில் நீர் நிரப்பி, குளோரின் திரவத்தைப் புட்டியோடு கவிழ்த்திருந்தான்.

"குடு, ஒரு முக்கு முக்கினா பளிச்னு ஆயிடும்."

"தொடாதே! சிலுவை சிவப்பு நூல். அதுல முக்கினா சிலுவையும் சேர்ந்து வெளுத்துடும்."

அந்நேரம் மடி நிறைய எலுமிச்சையோடு சுலுவெத்தி வந்தாள். செய்தி அவளுக்கு எப்படி எட்டியது என்று எவரும் கேட்கவில்லை. சுவரில்லாத வீடுகளில் அது கேட்கத்தக்க கேள்வியன்று. விரிப்பைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"டேய், இதை உன் கையில குடுத்ததுக்கு உன் பன்னிகிட்ட குடுத்திருக்கலாம்டா. தின்னுட்டாவது போயிருக்கும். காணோம்னு சொல்லித் தப்பிச்சிருப்போம்."

"அக்கா, நான் நல்லதுக்குத்தான்…"

"நல்லதுக்கா? போய் உக்காரு. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு முன்வரிசையில உக்காருவேன்?"

பேசிக்கொண்டே ஒரு பழத்தை இரண்டாக அறுத்து, தொட்டியின் மேல் பிழியக் கையை நீட்டினாள். மோயலாங்கி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பற்றினாள். கணவனின் தமக்கையைத் தொட்டுத் தடுப்பது எங்கள் ஊரில் சிறிய செயலன்று. சுலுவெத்தியின் புருவம் உயர்ந்தது.

"மன்னிச்சுக்கோங்க அக்கா. அந்தத் தண்ணியில குளோரின் இருக்கு. எலுமிச்சை சேர்ந்தா நச்சுக்காத்து கிளம்பும். கண்ணு எரியும், நெஞ்சை அடைக்கும். விடுதியில ஒருத்தி ரெண்டையும் கலந்துட்டா. அவளை நாங்க தூக்கிட்டுத்தான் வெளிய ஓடினோம்."

சுலுவெத்தி பழத்தை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "டேய் பெனி, துணியைக் கெடுத்தது பத்தாதுன்னு என்னையும் அனுப்பிவைக்கப் பார்த்தியா?" என்றாள். பின்பு நாத்தனாரின் அதிகாரத்தை அவிழ்த்து வைத்தவளாய், "சரி, நீயே சொல்லும்மா. என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

தொட்டி காலியானது, மறுபடி மறுபடி கழுவப்பட்டது. வெந்நீரும் தேய்ப்புப்பெட்டியும் கிட்டவே வரக்கூடாது, சூடு பட்டால் கறை நூலுக்குள் இறங்கி நிலைத்துவிடும் என்று மோயலாங்கி சொல்லிவைத்தாள். கறையை இளக்கும் ஸ்பிரிட்டைக் கையிலெடுத்ததும் கல்லடுப்பின் பக்கம் பார்த்தாள். புகை வந்துகொண்டிருந்தது.

"இது தீப்பிடிக்கிற சரக்கு. நான் அந்த மரத்தடிக்குப் போறேன். யாரும் நெருப்போட கிட்ட வராதீங்க."

முதலில் விரிப்பின் உள்மடிப்பில் ஒரு துளி வைத்துக் காத்திருந்தாள். துணிக்கும் செந்நூலுக்கும் ஒன்றும் நேரவில்லை. அதன்பின் கறையின் அடியில் பழந்துணியை இட்டு, மறுபுறத்திலிருந்து, ஓரம் தொடங்கி நடுவை நோக்கி மெல்ல ஒற்றினாள். பிசின் இளகிப் பழந்துணியில் இறங்கியது. குளிர்நீரில் சோப்பிட்டு அலசினாள். கோடுகள் மங்கின, போகவில்லை.

"இப்ப உங்க எலுமிச்சைக்கு வேலை வந்தாச்சு அக்கா."

சுலுவெத்தியின் முகம் மலர்ந்தது. சாற்றில் உப்பைக் கலந்து, சிலுவைகளில் படாமல் கறைகளின் மேல் மட்டும் தடவி, விரிப்பைப் புல்மேல் பரப்பினார்கள். உலராதபடி சாற்றைத் தொட்டுத்தொட்டு வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்காக ஞாயிறையே வேண்டி நின்றார்கள். மலைமுகட்டில் மேகம் கூடியது. மோயலாங்கி அண்ணாந்து பார்த்தாள். உதடுகள் ஓசையின்றி அசைந்தன.

பெனியாமினா கையில் கழியோடு காவல் நின்றான். "எந்தக் கோழியாவது இதுமேல கால வச்சுது, நாளைக்குக் குழம்பு அதுதான்!"

சாலையில் போன ஒரு கிழவர் நின்று கேட்டார்: "என்னப்பா, துணிக்குக் காவலா? ஓடிடுமா?"

"இல்ல தாத்தா, நான் ஓடிடாம இருக்கத்தான் அக்கா நிக்கவச்சிருக்காங்க."

மேகம் விலகியது. வெயில் தன் முழுக்கருணையோடு புல்வெளியில் இறங்கி, அந்த வெண்பரப்பில் பணிபுரியத் தொடங்கியது. பழுப்பு மஞ்சளாயிற்று, மஞ்சள் மங்கி நினைவளவாயிற்று. சாற்றின் சுவடே இல்லாமல் அலசியபின், விடுதிக் காலத்திலிருந்து பத்திரப்படுத்திய குளோரின் கலவாத வெளுப்புத்தூளை, கறை இளகிவிட்ட தைரியத்தில், இளஞ்சூட்டு நீரில் கரைத்து ஊறவைத்தாள். எடுத்துப் பிழிந்து விரித்தபோது ஒரேயோர் அடையாளம் எஞ்சியிருந்தது: ஒரு மூலையருகே, தலைமுடி ஒன்று விழுந்துகிடப்பதைப் போன்ற மெல்லிய நிழல்.

"இன்னும் ஒரு தேய் தேய்ம்மா. போயிடும்."

"போதும் அக்கா. பழைய துணி. இதுக்கு மேல தேய்ச்சா நூல் விட்டுடும். ஓட்டை விழுந்த விரிப்பை எங்க விரிக்கிறது?"

காயவைத்துத் தேய்த்து, இம்முறை உலர்ந்த படுக்கை விரிப்பொன்றில் பொதிந்து, மாலையில் அவர்களே ஆலயத்துக்கு எடுத்துச் சென்றார்கள். பெனியாமினா பின்னால், வெறுங்கையோடு, ஆணைப்படி எதையும் தொடாமல் நடந்தான். மேசைமேல் விரிக்கும்போது சுலுவெத்தி கிசுகிசுத்தாள்.

"அந்த மூலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிடு. யாருக்குத் தெரியப்போவுது?"

மோயலாங்கி விரிப்பைப் பிடித்தபடி சற்று நின்றாள். போதகரின் மனைவி செனெரித்தா பூச்சாடியோடு உள்ளே வந்தார். மோயலாங்கி மூலையைத் திருப்பவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். இதுல வாழைக்கறை பட்டுடுச்சு. முடிஞ்சவரை எடுத்துட்டேன். இந்த இடத்துல கொஞ்சம் நின்னுடுச்சு."

சுலுவெத்தி கண்களை மூடிக்கொண்டாள். செனெரித்தா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக் குனிந்தார்.

"எங்க?"

"இங்கம்மா."

"எங்கடி?"

மோயலாங்கி அவர் விரலைப் பற்றி அந்த நிழல்மேல் வைத்தாள். செனெரித்தா நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தோள்கள் குலுங்கச் சிரித்தார்.

"இதுக்கா இவ்வளவு வாடின முகம்? எங்க வீட்டு மனுஷன் வெள்ளைக் கோட்டுல கோக்கோவைக் கொட்டிக்கிட்டு, போன மாசம் பூரா வேதாகமத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டே பிரசங்கம் பண்ணினார். என்ன பக்தின்னு ஊரே மெச்சுது! திங்கக்கிழமை அந்தக் கோட்டை உனக்கு அனுப்பட்டுமா? இந்த விரிப்பும் இனிமே உன்கிட்டயே இருக்கட்டும். எடுக்க முடியாததை வந்து சொல்றவகிட்டதான் இது இருக்கணும்."

மோயலாங்கி வாய்திறக்குமுன் சுலுவெத்தி முந்திக்கொண்டாள்.

"தாராளமா அனுப்புங்கம்மா. ஆனா கோட்டை என் தம்பிகிட்ட மட்டும் குடுத்துவிடாதீங்க."

வாசலில் நின்ற பெனியாமினா இரு கைகளையும் உயர்த்திக் காட்டினான்.

அப்போது மாலை வேண்டுதலுக்கான சங்கு ஊரில் ஒலித்தது. சாலையில் நடந்தவர்கள் நின்றார்கள்; சிரிப்பு அடங்கியது. அவர்கள் மேசையின் முன் தரையில் அமர்ந்தார்கள். மோயலாங்கி விரிப்பின் தொங்கும் ஓரத்தை நீவிச் சமன்செய்து, அதில் நெற்றியை ஒருகணம் வைத்தெடுத்து, கைகோத்துத் தலைகவிழ்ந்தாள். எலுமிச்சையின் மணம் அவள் விரல்களில் இன்னும் இருந்தது.

வேண்டுதல் முடிந்ததும் செனெரித்தா அவள் தலைமேல் கைவைத்துச் சொன்னார்:

"ஆண்டவர் இந்தக் கைகளைக் காக்கட்டும் மகளே. நீ வாழ வந்த ஊர் உன் சொந்த ஊராகட்டும். உன் வீட்டில் நாளும் வெளிச்சம் விரிந்திருக்கட்டும். ஆமென்."