சர்க்கரை போடாத பதினெட்டு பாட்டில்

மத்தியானம் மூன்று மணிக்கு வெயில் சன்னல் வழியே இறங்கும். அலமாரியில் இருந்த பதினெட்டு ஜாம் பாட்டில்களுக்குள்ளும் புகுந்து புறப்பட்டுத்தான் அது தையல் மேசைக்கு வரும். பிளம்ஸைத் தாண்டி வந்தால் சிவப்பு, பேரிக்காயைத் தாண்டி வந்தால் வெளிர் மஞ்சள். தையல்காரர் வெட்டுவதற்கு விரித்த வெள்ளைத் துணியில் அந்த நிறங்கள் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். கத்தரிக்கோலைப் பிடித்தபடியே அவருக்குக் கண் சொக்கிப் போகும். மனைவி கிளம்பிப் போனதிலிருந்து அந்த வீட்டில் பொழுது ஒரு மாதிரி மிதந்துகொண்டுதான் இருந்தது.

அவள் போயிருந்தது மகள் வீட்டுக்கு. பிரசவத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே, மகள் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெற்றவள் போகாமல் இருக்க முடியுமா? ஆனால் இந்த மனுஷரை நம்பி எப்படிப் போவது? உடம்பில் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, ஜாம் இல்லாமலோ ரொட்டி இறங்காது. போன வருடம் கடை ஜாம் ஒரு பாட்டிலைத் திருட்டுத்தனமாகக் காலி செய்துவிட்டுத் தையல் மெஷின் மேலேயே மயங்கி விழுந்தவர். அதனால் அவள் ஒரு பொட்டுச் சர்க்கரை போடாமல் பழத்தை மட்டும் சுண்டக் காய்ச்சி, பாட்டில்களில் அடைத்து, வழக்கம்போல் அலமாரியில் அடுக்கிவிட்டுப் போனாள்.

அந்த வழக்கத்தில்தான் வந்தது வினை. அவள் போடுகிற சர்க்கரை ஜாம் வருடக்கணக்கில் அலமாரியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இதுவும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

பத்தாம் நாள், அரைத் தூக்கத்தில் கிடந்தவர் காதில் 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. கனவு என்றே நினைத்தார். எழுந்து பார்த்தால் பாட்டில் மூடிகள் ஒவ்வொன்றாக உப்பிக்கொண்டிருந்தன. திறந்தால் நுரை, குப்பென்று புளித்த வாடை. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் கைப்பட செய்ததாயிற்றே, கண்ணை மூடிக்கொண்டு தின்றுவிடலாமா என்றுகூடப் பார்த்தார். நல்ல வேளை, அதற்கு முன்னால் பழக்கடை அம்மாவிடம் கேட்டார்.

"சர்க்கரைதாங்க ஜாமுக்குக் காவல். அதை எடுத்துட்டு வெளியில வெச்சா எத்தனை நாள் தாங்கும்?" என்றாள் அவள். "எல்லாத்தையும் கொட்டுங்க. புதுசா பண்ணி ஒரு பாட்டிலை ஃப்ரிட்ஜுல வைங்க, பத்து நாளைக்குள்ள முடிச்சிடுங்க. மிச்சத்தை ஃப்ரீசர்ல போடுங்க. ஈரக் கரண்டி மட்டும் உள்ள விட்டுடாதீங்க."

மனைவிக்குச் சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே வந்து நிற்பாள். அவள் வந்துவிட்டால் மகள் எழுந்து அடுப்படிக்குப் போவாள். போனால் குழந்தைக்கு ஆபத்து. அவ்வளவுதான் கணக்கு. தையல்காரர் வாயைத் தைத்துக்கொண்டார்.

வெந்நீர் வைக்கத் தெரியாதவர் கரண்டி பிடித்தார். முதல் சட்டி கரிந்தது. இரண்டாவது தண்ணீராக ஓடியது. கிண்டிக்கொண்டே நின்றால் ஆவி எழுந்து சமையலறை மங்கிப் போகும். பக்கத்து அறையில் அவள் எதையோ எடுத்து வைப்பது போலிருக்கும். "இங்க வந்து பாரேன்" என்று திரும்புவார். யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அவளை அவ்வளவு தேடும் அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் போன் செய்வாள். இவரும் கூசாமல் புளுகுவார். நான்காவது ஞாயிறு அவள் கேட்டாள், "பிளம்ஸ் தொறந்தாச்சா? எப்படி இருக்கு?"

"தேன்தான் போ."

"நான் நாளைக்குக் காலையில கெளம்பி வரேன்" என்றாள்.

"எதுக்கு?"

"சர்க்கரை போடாத பிளம்ஸ் எந்தக் காலத்துல தேனா இருந்திச்சு? சர்க்கரையை அள்ளிப் போட்டுத் தின்னுட்டிருக்கீங்க. மறுபடியும் விழுந்து கிடந்தா யாரு தூக்குறது?"

பின்னாலிருந்து மகளின் குரல் சன்னமாகக் கேட்டது. "போறியாம்மா?"

அந்தக் குரலில் தையல்காரர் உடைந்துவிட்டார். நுரைத்தது, கொட்டியது, கிண்டியது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். அவள் நம்பவில்லை.

"நீங்களா? சரி, எப்ப இறக்கணும்? சொல்லுங்க பாப்போம்."

"கரண்டியால சட்டி அடியில ஒரு கோடு இழுக்கணும். கோடு மூடாம நின்னா இறக்கலாம்."

"பாட்டில்ல எது வரைக்கும் ஊத்தணும்?"

"ஃப்ரீசருக்குன்னா மேல ஒரு விரல் எடம் விடணும். உறையும்போது பொங்கும். மொத பாட்டிலை முட்ட முட்ட ஊத்திட்டேன், விரிசல் விட்டுடுச்சு."

"எது சீக்கிரம் அடிபிடிக்குது?"

"பேரிக்காய். சனியன், அந்தண்ட இந்தண்ட திரும்ப முடியல."

"அப்ப நான் வரல" என்றாள்.

இத்தனை நாளாக இதற்காகத்தானே பாடுபட்டார். ஆனால் அதைக் கேட்டதும், வந்துவிடு என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"சரிம்மா. அவளைப் பாத்துக்க."

"ஃப்ரீசர்ல எத்தனை நாள் இருக்குமாம்?"

"ஆறு மாசம்னாங்க."

"எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க" என்றாள். "கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷமாச்சு. நீங்க சமைச்சு நான் ஒரு வாய் சாப்பிட்டதில்ல."

"ரொம்பப் புளிக்கும்மா" என்றார்.