பட்டறையிலிருந்து ஒரு கோடு

புது மேலாளர் சுவரில் பெரிய தாளை ஒட்டியிருந்தார். பேருந்துப் பணிமனையில் ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம்.

"சிக்கல்னா முதல்ல யார்கிட்ட போவீங்களோ, அவங்க வட்டத்துக்கு ஒரு கோடு போடுங்க."

பன்னிரண்டாம் எண் பேருந்து அந்த மாதம் ஐந்தாவது முறையாக வழியில் நின்றிருந்தது. இன்னொரு முறை நின்றால் தடத்தையே எடுத்துவிடுவார்கள். கால அட்டவணை போடுவது நான். பழுது பார்ப்பது கீழே பட்டறையில் ஃபோர்மேன். நாங்கள் சேர்ந்து போட்ட முதல் தடம் அது. இப்போது பேசி மூன்று வருடம். எதற்கும் கடிதம்தான்.

பழைய கட்டடத்தில் இருவருக்கும் ஒரே மேசை. என் பக்கம் மை, அவர் பக்கம் கிரீஸ். நான் எழுதும்போதே எட்டிப் பார்ப்பார். "இந்த ஏத்தத்துல வண்டிக்கு மூச்சு வாங்கும், தங்கச்சி. ரெண்டு நிமிஷம் சேத்துப் போடு." போடுவேன். காகிதம் பறக்காமல் இருக்க அவருடைய டிபன் பாக்ஸ் மூடியை வைப்பேன். பழைய அட்டவணைகளில் அந்த எண்ணெய் வட்டம் இன்னும் இருக்கிறது.

புதுக் கட்டடத்துக்கு மாறிய அன்று அவர் வண்டியை ஓட்டிப் பார்க்கப் போயிருந்தார். கேட்காமல் மேசையை மாடிக்கு ஏற்றிவிட்டேன்.

"நாற்காலியையும் எடுத்துக்கோ" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு.

தாளில் பட்டறைக்காரர்கள் முன்பே கோடு போட்டிருந்தார்கள். ஃபோர்மேனின் கோடு, விரல் கறையோடு, தாள் முழுக்க ஏறி என் வட்டத்தில் வந்து நின்றது.

"தப்பாப் போட்டுட்டாரு" என்றேன் மேலாளரிடம்.

"நானும் கேட்டேன். 'மேசை அங்கதானே இருக்கு'ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

நான் கோடு போடவில்லை. அட்டவணையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

பன்னிரண்டாம் எண்ணுக்கு அடியில் அவர் கால் மட்டும் தெரிந்தது.

"அண்ணே."

ஸ்பேனர் சத்தம் நின்றது.

"யாரு, மாடி வீட்டு மகாராணியா?"

"இதுக்கு எவ்வளவு நேரம் வேணும்?"

"நடுவுல இருபது நிமிஷம் நிறுத்தணும். எஞ்சின் ஆறணும்ல."

"பதினஞ்சு."

"காய்கறிக் கடைன்னு நெனச்சியா? இருபது."

பேருந்தின் படியில் தாளை வைத்து எழுதினேன்.

"மேசையில என் பக்கத்தத் தொடச்சிட்டியா?"

"இல்ல."

ஸ்பேனர் சத்தம் மறுபடி கேட்டது. பிறகு ஒரு கை வெளியே நீண்டது.

"அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரக் குடு. ஏத்தத்துக்கு ரெண்டு நிமிஷம் போட்டியா?"