விகோவுக்குப் பத்து நிமிடம்

பனிநாட்டு நாயை பஸ்ராவின் ஆகஸ்ட் வெயிலுக்கு அனுப்பி வைத்தவனை என்னவென்று சொல்வது? சர்மத்துக்கு நெஞ்சு நிறையப் பாசம், தலையில்தான் சரக்கு கம்மி. ஏழு வயதில் ஊரை விட்டு ஸ்வீடனுக்குப் போனவன், முப்பது வருஷம் கழித்து ஊரோடு வந்துவிடுவதென்று முடிவு கட்டினான். அங்கே வேலையை முடிக்க இன்னும் ஒரு மாதம் பாக்கி. அதற்குள், ஊர் திரும்பிய ஒரு குடும்பத்தோடு தன் நாய் விகோவை முன்னால் அனுப்பிவிட்டான். பனியில் வண்டி இழுக்கிற சாதி நாய். கம்பளி போர்த்திய கன்றுக்குட்டி மாதிரி வந்து இறங்கியது.

அவன் அக்கா கவ்லா அதைப் பிள்ளையாகவே பார்த்துக்கொண்டாள். ஏசிக்கு அந்த வீட்டில் கரண்ட் ஏது? தெரு ஜெனரேட்டர்க்காரன் விடுவது ஒரு விசிறிக்கும் இரண்டு விளக்குக்கும்தான் காணும். அந்த ஒற்றை விசிறியை நாய்ப் பக்கம் திருப்பினாள். ஈரச்சாக்கு விரித்தாள், தாம்பாளத்தில் ஐஸ் பாளம் வைத்தாள், மதியத்தில் இரண்டு தடவை குளிப்பாட்டினாள். படகு எஞ்சின் பழுதுபார்த்துவிட்டு வேர்த்து வழிய வரும் புருஷன் முகாமிஸ், மூலையில் அட்டையால் விசிறிக்கொண்டு கிடந்தான்.

டீக்கடையில் சும்மா விடுவார்களா? "என்னப்பா முகாமிஸ், மச்சினன் வீட்டு எஜமானருக்கு இன்னிக்குக் கால் அமுக்கியாச்சா?"

முகாமிஸ் சிரித்து வைத்தான். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

அந்த வாரம் அமாராவில் கவ்லாவின் பெரியம்மா மௌத்தாகிவிட்டாள். துக்கத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. "வாயில்லா ஜீவங்க. பாத்துக்குங்க, இரண்டே நாள்ல வந்துடுறேன்" என்று கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

இரண்டாம் நாள் பிற்பகல், சர்மத் வீடியோவில் வந்தான்.

"மச்சான், என்ன இது, நாக்கு இந்தத் தொங்கு தொங்குது! தூக்கிட்டுப் போய்க் குளிப்பாட்டுங்க. இப்பவே. நான் பாக்கணும்."

முகாமிஸ் நாயைக் குளியலறைக்கு இழுத்துப்போய், எல்லாரும் செய்வது போல, சிவப்புக் குழாயில் கைவைத்தான். கோடையில் அந்த ஊரில் சிவப்பைத்தான் திறப்பார்கள். நீலத்தில் வருவது மொட்டை மாடி இரும்புத் தொட்டித் தண்ணீர்; பகலெல்லாம் வெயிலில் வெந்தது. சிவப்பில் வருவது வீட்டுக்குள் நிழலில், ஏப்ரலிலேயே சுவிட்சை அணைத்துவிட்ட ஹீட்டரில் கிடக்கும் தண்ணீர்.

"சிவப்பா?" சர்மத் அலறினான். "நாயை வேக வெக்கப் போறீங்களா? நீலத்தைத் திறங்க!"

"மாப்ளே, இங்கெல்லாம் வந்து..."

"வாயை மூடுங்க! உங்க மூளையைக் கசக்க வேணாம். நீலம். பத்து நிமிஷம். மேலெல்லாம் நல்லா நனையணும். சொன்னதை மட்டும் செய்யுங்க. ஒரு நாயைப் பாத்துக்கத் துப்பில்ல!"

அங்கே வேலைக்கு மணி அடித்தது. சர்மத் போனை வைத்துவிட்டான்.

முகாமிஸுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலிருந்தது அவனுக்கு. நீலக் குழாயை முழுசாகத் திறந்தான். மேலே ஷவரிலிருந்து கொட்டிய தண்ணீரில் விரலை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டான். வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தான்.

விகோ முதலில் குரைத்தது. பிறகு ஊளையிட்டது. பிறகு கதவைப் பிறாண்டியது. அந்தச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. ஏழாவது நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அப்போதும் அவன் எழுந்திருக்கவில்லை. பத்து என்றால் பத்து.

சாயங்காலம் கவ்லா வந்தபோது நாய் சாக்குக்கு அடியில் செத்துக் கிடந்தது. அவள் அழுதுகொண்டே தம்பியைக் கூப்பிட்டாள்.

"நீலம்தான் மாப்ளே" என்றான் முகாமிஸ், அவள் தோளுக்குப் பின்னாலிருந்து. "நீங்க சொன்ன பத்து நிமிஷம். கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"அக்கா, நீலம்னா குளுந்த தண்ணிதானே?"

"இல்லடா. வெயில் காலத்துல நீலம் கொதிக்கும். இங்க பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும்."

திட்டு வரும் என்று முகாமிஸ் காத்திருந்தான். பதிலும் தயாராக வைத்திருந்தான். வந்தது விம்மல்.

"அவர் சொல்ல வந்தாரு, அக்கா. நான்தான் வாயை மூடச் சொன்னேன். மன்னிச்சுடுங்க மச்சான். என் விகோவை நானே கொன்னுட்டேன்."

"விடுங்க மாப்ளே" என்றான் முகாமிஸ் பெருந்தன்மையாக. "தெரியாமத்தானே சொன்னீங்க."

கவ்லா போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனாள். கதவின் உட்பக்கம் முழங்கால் உயரத்திலிருந்து தரைவரை பெயிண்ட் உரிந்திருந்தது. மரத்தில் ஒரு நகம் ஒடிந்து நின்றது. அவள் வெளியே வந்து புருஷனைப் பார்த்தாள்.

"வாயை மூடச் சொன்னான், சரி. கதவைத் தாழ் போடச் சொன்னது யாருங்க?"

முகாமிஸ் வாயைத் திறந்தான். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. பிரிக்காத பையை அவள் மறுபடி தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி, அமாராவுக்கு வண்டி இருக்கிறதா என்று கேட்டாள்.