நந்தியின் காது

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் பாறையைக் குடைந்து எடுத்த அந்தப் பழைய சிவன் கோயிலுக்கு யார் வந்தாலும், சுற்றிக் காட்டுவது ஐந்தாம் வகுப்புக் கீர்த்தனாதான். வாசல் காவலர் சிலைக்கு மூக்கு உடைந்ததற்கு அவளிடம் மூன்று கதைகள் உண்டு. வந்தவர் முகத்தைப் பார்த்து ஒன்றை எடுத்துவிடுவாள். ஆனாலும் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது நந்திதான். நந்தியின் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் வேண்டுதலைச் சொல்வது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். இந்த ஊரில் கூடுதலாக ஒரு வசதி. நந்திக்கும் தூணுக்கும் நடுவில் அவள் சித்தி மகன் அறிவுச்செல்வன் ஒடுங்கிக் கிடப்பான். வந்தவர்கள் கண்மூடிச் சாமி கும்பிடும்போது, கேட்டதை அவள் காதில் ஓதிவிடுவான். வெளியே வந்ததும் அவள் அருள் வந்தவளாக, "பொண்ணுக்கு வரன் தைக்குள்ள அமைஞ்சிடுங்க" என்பாள். அவர்கள் ஆடிப்போய்க் கையிலிருக்கும் பிஸ்கட்டையெல்லாம் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை விஷயம் பிஸ்கட் இல்லை. ஊர் நர்ஸ் மணிமொழி வேங்கிக்காலுக்கு மாற்றல் கேட்டிருப்பதாகப் பேச்சு. கீர்த்தனாவின் அம்மாவோ நிறைமாசம். போன பிரசவத்தில் அம்மா பிழைத்ததே இந்த நர்ஸால்தான். அவர் போய்விட்டால் என்ன ஆகும் என்று அம்மா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. நேரில் கேட்டால் நர்ஸ் சிரித்து மழுப்புகிறார். நந்தியிடம் யார் மழுப்புவார்கள்? கோயிலைக் காட்டுகிறேன் என்று நச்சரித்து அவரை இழுத்து வந்துவிட்டாள்.

மூக்குக் கதைக்கு நர்ஸ் பொறுமையாகத் தலையாட்டினார். நந்தியிடம் வந்ததும், மனதில் உள்ளதை மறைத்தால் வேண்டுதல் பலிக்காது என்று கீர்த்தனா புதிதாக ஒரு சட்டம் போட்டாள். நர்ஸ் குனிந்து நந்தியின் காதைப் பொத்தினார். பிறகு குகை முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

"நந்தியப்பா, மாத்தல் கேட்டது நெஜந்தான். கீர்த்தனா அம்மாவுக்குப் பிரசவம் பாத்துட்டு அப்புறமா போலாம்னு இருக்கேன். ஆனா ஒண்ணு. ஸ்கூல்ல ஊசி போட வந்தப்ப செவுரு ஏறிக் குதிச்சு ஓடினான் ஒருத்தன். இப்ப உன் பின்னாடி கால நீட்டிக்கினு படுத்திருக்கான். அவன் நாளைக்கு வந்து ஊசி போட்டுக்கணும். இல்லனா நான் நாளைக்கே கெளம்பிடுவேன்."

கீர்த்தனாவுக்குப் பிடிபட்டதுகூடப் பெரிதில்லை. ஊசி என்ற பேச்சை எடுத்தாலே அறிவு பம்புசெட் ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறவன். அவனை நம்பியா அம்மாவின் பிரசவம்? மனதுக்குள் அவனைத் திட்டினாள், கெஞ்சினாள், இனி வரப்போகும் பிஸ்கட் முழுவதும் அவனுக்கே என்று சத்தியம் செய்தாள். நர்ஸ், பொத்திய கையை எடுக்காமல் நின்றார்.

நந்திக்குப் பின்னால் நீட்டியிருந்த கால்கள் மெல்ல மடங்கின. பிறகு நந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டது:

"எந்தக் கையிலங்க?"