அணைக்காமல் விட்ட மைக்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதைக்கு ஆதாரம் ஒரே ஒரு விரல். ஒரு பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மின்விசிறிக் காற்றுக்கு ஆசைப்பட்டுக் கடைசி வரிசையில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்னால் ஒரு பெண் மைக் இல்லாமல் (என்று நினைத்தேன்) புல்லாங்குழல் வாசித்தாள். மேசைக்காரரின் விரல் ஒரு கட்டையை நூலளவு மேலே தள்ளியது. குழலும் நூலளவு கிட்டே வந்தது. அந்த ஆள் திருட்டு முழி முழித்தார். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

"மூச்சு என்பது" (வேண்டாம். 'என்பது' வந்தால் கட்டுரையாகிவிடும்.)

"மழை கொட்டிய அந்த மாலையில் அவர்" (கூடத்துக்குள் நடக்கும் கதைக்கு மழை எதற்கு?)

அவள் அவருடைய மனைவி. (சரி, இது நகரும்.)

கூடத்தில் அவரை 'சவுண்டு' என்பார்கள். வீட்டில் வாயே திறக்காத மனிதர். மனைவி நெஞ்சுச்சளி முற்றி மருத்துவமனையில் கிடந்து எழுந்ததிலிருந்து அவளுடைய குழல் பின்வரிசைக்கு எட்டவில்லை. பிரார்த்தனை நடத்துபவர் பக்குவமாகத்தான் சொன்னார், "கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டுமே" என்று. சவுண்டு அதை அவளிடம் வேறு விதமாகக் கேட்டார்.

"ஒரு சின்ன மைக் வெச்சுக்கலாமா?"

"வேணாங்க. எட்டுற வரைக்கும் எட்டட்டும். எட்டலன்னா நானே நிறுத்திக்கிறேன். என்னைப் பொய்யா வாசிக்க வெக்காதீங்க."

அவள் வேண்டாமென்றதைத்தான் செய்தார். அவளுக்குப் பக்கத்தில், வாசகம் படிப்பவருக்கென்று ஒரு மைக் உண்டு. படித்து முடித்ததும் அதை அணைப்பது வழக்கம், சிவப்பு விளக்கும் அணையும். அவர் விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டி, மைக்கின் கழுத்தைக் குழல் பக்கம் லேசாகத் திருப்பி, அணைக்காமல் விட்டார்.

(இதைக் குழல் வாசிக்கும் நண்பர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். "அவங்க காதுல விழாதா?" என்றார். அதனால் ஒலிபெருக்கிகளைக் கூடத்தின் நடுத்தூண்களுக்கு மாற்றி, பின்பக்கம் பார்க்க வைத்துவிட்டேன். இந்த வேலைக்கெல்லாம் எழுத்தாளனுக்குக் கூலி கிடையாது.)

3

அன்று வீட்டுக்கு நடக்கும்போது அவள் கேட்டாள். "பின்சுவர் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துச்சுங்க. கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என் மூச்சு வந்துடுச்சு."

தெருவென்றும் பாராமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? நீங்கள் சொல்லியிருப்பீர்களா?

மூச்சு மீண்டது என்று நம்பியவள் அடக்கி வாசிக்க ஆரம்பித்தாள். கூடமே தாங்கிப் பிடிக்கிறது, எதற்கு மெனக்கெட வேண்டும்? அவள் குறைக்கக் குறைக்க அவர் ஏற்றினார். (இங்கே 'காதல்' என்று எழுதி அடித்தேன். 'பயம்' என்று எழுதி அதையும் அடித்தேன். இரண்டும்தான்.)

4

மருத்துவமனையில் அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த தோழி ஒரு நாள் மதியம் இறந்துபோனாள். அவள் அடக்கத்தில் குழல் வாசிப்பதாக இவள் வாக்குக் கொடுத்திருந்தாள். நாளைக் காலை, இடுகாட்டில், திறந்தவெளியில். அங்கே மைக்கும் கிடையாது, சுவரும் கிடையாது.

"எனக்குப் பயமே இல்லைங்க. இவ்ளோ பெரிய கூடத்துல எட்டுது, அங்க எட்டாதா?"

எட்டாதென்று அவருக்குத்தான் தெரியும். நாளை அத்தனை பேர் முன்னால் அவள் ஊதி ஊதி நிற்கப்போகிறாள்.

முடிவு ஒன்று: அவர் உண்மையைச் சொல்லிவிடுகிறார். (எழுதிப் பார்த்தேன். வாயைத் திறந்தவர், "தண்ணி வந்துடுச்சா?" என்று கேட்டார். இந்த ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்.)

முடிவு இரண்டு: அவளுக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரியும். (படிப்பவர்களுக்குப் பிடிக்கும். அவரும் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன். அதனாலேயே வேண்டாம்.)

5

ஆக, மிஞ்சியது அன்று மாலைப் பிரார்த்தனை. அது முடிந்ததும் சொல்லிவிடுவதென்று சவுண்டு தீர்மானித்திருந்தார். இந்தத் தடவை நானும் நம்பினேன்.

கூடம் கண்மூடியிருந்தது. தோழியை நினைத்தோ என்னவோ, கடைசிப் பாட்டை அவள் என்றைக்கும் இல்லாத அளவு மெல்ல வாசித்தாள். அவர் கட்டையைத் தள்ளினார். இன்னும் கொஞ்சம். இதற்கு மேல் ஏற்றினால் ஒலிபெருக்கியின் சத்தத்தையே மைக் திரும்ப வாங்கி ஊளையிடும் என்று தெரிந்தும் இன்னும் கொஞ்சம்.

ஊளை பிடித்தது. காதைக் கிழிக்கிற மாதிரி அல்ல. அவள் வாசித்துக்கொண்டிருந்த கடைசி ஸ்வரத்திலேயே, குழலின் குரலிலேயே பிடித்தது.

அவள் முடித்துவிட்டுக் குழலை மடியில் வைத்தாள். ஸ்வரம் நிற்கவில்லை.

யாரும் கண் திறக்கவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். அவள் மடியிலிருந்த குழலைப் பார்த்தாள். மைக்கின் மேல் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பார்த்தாள். பிறகு கடைசி வரிசையில் இருந்த கணவரைப் பார்த்தாள்.

அவர் கட்டையைச் சட்டென்று இறக்கினால் ஸ்வரம் அறுந்து எல்லாரும் கண் திறப்பார்கள். இறக்காவிட்டால் அது வளர்ந்து அலறும். அவள் குழலை மறுபடி உதட்டில் வைத்தால் மட்டுமே அந்தச் சத்தத்துக்குள் அவர் மெல்ல இறக்க முடியும். அதற்கு அவளுக்கு மனம் வரவேண்டும். நாளைக் காலை இடுகாட்டுக்கு அவள் தனியாகப் போவாளா, இவரோடு போவாளா என்பதும் அதில்தான் இருக்கிறது.

நான் எழுதினால் இரண்டு பேரில் ஒருவரைக் காப்பாற்றிவிடுவேன். எனக்கு இரண்டு பேரும் வேண்டும். நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அந்த ஸ்வரம் ஏறிக்கொண்டே இருக்கிறது.